இருப்பதை மதிக்கும் கலை

நுழையும்முன்

வீடு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. ஒரு நிலத்தின் வெயிலையும் மழையையும், அங்கு வாழ்ந்த மக்களின் பழக்கங்களையும் உணர்ந்து உருவான அறிவின் வடிவமே வீடு. பழைய வீடுகள் நாள்தோறும் மறைந்துவரும் இக்காலத்தில், அவற்றை இடிக்காமலே இன்றைய வாழ்வுக்கு ஏற்றவையாக மாற்ற இயலுமா? இவ்வினாவுக்குத் தம் பணியால் விடை கூறிய கட்டடக்கலைஞர் ஒருவரை இப்பாடம் அறிமுகப்படுத்துகிறது.

கோட்டையும் வீடும்

திண்டு போன்ற தோற்றமுடைய கல் நிற்பதால் திண்டுக்கல் எனப் பெயர் வந்தது என்பர். ஊரின் அடையாளமாக நிமிர்ந்து நிற்கும் அப்பாறையின்மீது மதுரை நாயக்கர்கள் 17ஆம் நூற்றாண்டில் கோட்டை எழுப்பினர். பின்னர் அது ஐதர் அலியிடமும் திப்பு சுல்தானிடமும் ஆங்கிலேயரிடமும் கைமாறியது. இன்று இந்தியத் தொல்லியல் துறை அதனைப் பாதுகாத்து வருகிறது. தேசிய முதன்மை வாய்ந்த சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் தொலைவுக்குப் புதிய கட்டடம் எழுப்புவதை 2010ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் தடைசெய்கிறது. அதற்கு அப்பால் 200 மீட்டர் தொலைவுக்குள் கட்டுவதற்கு உரிய அனுமதி பெறவேண்டும்.

கோட்டைக்குச் சட்டம் காவலாக நிற்கிறது. ஆனால், அக்கோட்டையைச் சுற்றிலும் சமவெளிச் சிற்றூர்களிலும் உள்ள பழைய வீடுகளுக்கு அவ்வாறான காவல் இல்லை. அவற்றின் காவலர் அவ்வீடுகளில் வாழ்வோரே.

அத்தகைய வீடு ஒன்றை மனக்கண்ணில் காண்போம். தெருவை ஒட்டித் திண்ணை; அதைக் கடந்தால் நடை; நடுவே வானம் பார்த்த முற்றம்; முற்றத்தின் நாற்புறமும் தாழ்வாரம்; மரத்தூண்கள் தாங்கும் நாட்டு ஓட்டுக் கூரை; சுண்ணாம்புச் சாந்து பூசிய தடித்த சுவர்கள். இவை அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. தடித்த சுவர் பகல் வெப்பத்தை மெல்ல ஏற்பதால் உள்ளறை நெடுநேரம் குளிர்ச்சியாக இருக்கும். வெப்பமான காற்று மேலெழும் இயல்புடையது. முற்றம் அதற்கு வழிவிடுகிறது. இரவில் குளிர்ந்த காற்று முற்றத்தில் இறங்கித் தங்குகிறது. தாழ்வாரம் வெயிலையும் சாரலையும் சுவரில் படாமல் தடுக்கிறது. கூரைநீர் முற்றத்தில் விழுந்து அண்டாக்களை நிரப்புகிறது. திண்ணையோ வழிப்போக்கருக்கும் அண்டை வீட்டாருக்கும் இடம் தந்து, வீட்டையும் தெருவையும் இணைக்கிறது.

இத்தகைய வீடுகள் ஏன் இடிக்கப்படுகின்றன? அறியாமை மட்டுமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. பாகப் பிரிவினையால் ஒரு வீடு மூன்றாகப் பிரிகிறது. ஓடு மாற்றவும் உத்திரம் சீர்செய்யவும் தெரிந்த கைவினைஞர்கள் அருகிவிட்டனர். வண்டி நிறுத்த இடமும் வீட்டினுள்ளேயே குளியலறையும் தேவைப்படுகின்றன. முதியோருக்கு உயரமான வாசற்படிகள் இடராகின்றன. இத்தேவைகள் உண்மையானவை. எனவே, 'பழையதை இடிக்காதீர்' என்று அறிவுரை கூறுவதால் மட்டும் பயனில்லை. பழைய வீட்டில் புதிய வாழ்வு எவ்வாறு நுழையலாம் என்பதைச் செய்துகாட்ட வேண்டும். அதனைச் செய்துகாட்டுவோரே கட்டடக்கலைஞர்கள்.

பணிகள் மூன்று

கட்டுவதற்கு முன் அளந்தறிதல் தமிழர் நெடுங்காலமாக அறிந்த நெறி. நூல் பிடித்து அளந்து திசையறிந்து அரண்மனை அமைத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகிறது. இன்றைய கட்டடக்கலைஞரின் பணியும் அளந்தறிதலில்தான் தொடங்குகிறது. புதிய கட்டடங்களை வடிவமைப்பதோடு அவர் மேலும் மூன்று பணிகளை ஆற்றுகிறார்.

பழைய கட்டடத்தை இன்றைய தேவைக்கு ஏற்ப மாற்றுவது புதுப்பித்தல். வரலாற்றுச் சிறப்போ கலைச்சிறப்போ உடைய கட்டடத்தை அதன் இயல்பு கெடாமல் காப்பது மரபுப் பாதுகாப்பு. ஒரு கட்டடத்தைத் தனித்துக் காணாமல் தெரு, நீர்நிலை, மரம், மக்கள் நடமாட்டம் ஆகியவற்றோடு சேர்த்து ஒரு நிலப்பகுதியையே வடிவமைப்பது நகர வடிவமைப்பு. இம்மூன்றிற்கும் அடிப்படை ஒன்றே. ஏற்கெனவே இருப்பதை அறிந்து, மதித்து, அதன்பின் புதியதைச் சேர்த்தலே அது. இந்நெறியைத் தம் வாழ்நாள் பணியால் உணர்த்தியவர் இலங்கையைச் சேர்ந்த ஜெஃப்ரி பாவா.

வழக்கறிஞர் கட்டடக்கலைஞரான கதை

ஜெஃப்ரி பாவா 1919ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தார். இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்று, பின்னர் சட்டமும் கற்று வழக்கறிஞரானார். ஆயினும் அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. தாயின் மறைவுக்குப் பின் நாடுகள் பலவற்றில் சுற்றித்திரிந்து தாயகம் திரும்பினார். 1948இல் தென்னிலங்கையின் பெந்தோட்டைக்கு அருகே, ஏரிக்கரையில் இருந்த பழைய ரப்பர் தோட்டம் ஒன்றை வாங்கினார். அதற்கு லுணுகங்கை எனப் பெயரிட்டார். சிங்கள மொழியில் உப்பாறு என்பது அதன் பொருள்.

அத்தோட்டத்தைத் தம் எண்ணப்படி மாற்றியமைக்க முற்பட்டபோதுதான், தமக்கு ஆர்வம் இருக்கும் அளவுக்குத் தொழில்நுட்ப அறிவு இல்லை என்பதை அவர் உணர்ந்தார். அவ்வுணர்வு அவரை மீண்டும் மாணவராக்கியது. கொழும்பில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று முறையாகப் பயின்றார். 1957இல் கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38. கற்பதற்கு வயது தடையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

லுணுகங்கையை அவர் ஏறக்குறைய 50 ஆண்டுகள் செதுக்கிக்கொண்டே இருந்தார். அங்கிருந்த பழைய வீட்டை அவர் இடித்துத் தள்ளவில்லை. வாசலின் திசையை மாற்றினார். மரங்களின் கிளைகளை விலக்கி ஏரியின் காட்சியைத் திறந்தார். மேடுகளைச் சரித்துப் பார்வைக்கு வழி செய்தார். அவருக்கு அத்தோட்டமே முதல் ஆய்வுக்கூடமாக விளங்கியது.

நான்கு வீடுகள் ஒன்றாயின

புதுப்பித்தலுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, கொழும்பு நகரின் 33ஆம் ஒழுங்கையில் உள்ள 11ஆம் எண் இல்லமாகும். ஒழுங்கை என்பது குறுகிய தெருவைக் குறிக்கும் சொல். இலங்கைத் தமிழில் இன்றும் அது வழங்குகிறது. அவ்வொழுங்கையில் வரிசையாக நான்கு சிறு வீடுகள் இருந்தன. 1958இல் பாவா மூன்றாவது வீட்டைத் தமது உறைவிடமாக்கிக் கொண்டார். பின்னர் நான்காவது வீடும், சுமார் பத்தாண்டுகள் கழித்து எஞ்சிய இரண்டும் அவர் வசமாயின.

நான்கையும் ஒருசேர இடித்து ஒரு மாளிகை எழுப்புவது எளிதாக இருந்திருக்கும். அவர் அவ்வாறு செய்யவில்லை. முதல் வீடு இருந்த இடத்தில் மட்டும் உயரமான புதிய பகுதியை எழுப்பினார். மற்ற மூன்றையும் உள்ளிருந்தே இணைத்தார். வீடுகளுக்கு இடையிலான பாதை நீண்டதொரு வெள்ளை நிற நடையாக மாறியது. அதன் இருமருங்கிலும் சிறுசிறு முற்றங்களைத் திறந்துவிட்டார். ஒரு முற்றத்தில் செடி. ஒன்றில் சிறு நீர்த்தொட்டி. ஒன்றில் ஒளி மட்டுமே. நெருக்கமான நகரத் தெருவில், நாற்புறமும் சுவர் சூழ்ந்த இடத்திலும், வெளிச்சமும் காற்றும் மேலிருந்து இறங்கி வந்தன. பழைய கட்டடங்களில் இருந்து கிடைத்த தூண்களும் கதவுகளும் அங்கே மறுவாழ்வு பெற்றன. செட்டிநாட்டு மரத்தூண்களும் அவற்றுள் அடங்கும்.

இங்கு நாம் கற்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. முற்றம் அமைக்கப் பெரிய மனை தேவையில்லை. நான்கு அடி அகலமுள்ள திறப்பும் ஒளியைக் கொணரும். காற்றை இயங்கச் செய்யும். பாகம் பிரிக்கப்பட்டு ஒடுங்கிப்போன வீடுகளுக்கும் இம்முறை பொருந்தும்.

கூரை அமைப்பிலும் அவர் பழமையையும் புதுமையையும் இணைத்தார். நெளிவுடைய சிமெண்ட் தகடுகளை அடியில் பரப்பி, அவற்றின் பள்ளங்களில் அரைவட்ட நாட்டு ஓடுகளைப் பதித்தார். தகடு மழைநீர் ஒழுகாமல் தடுத்தது. ஓடு வெயிலின் கடுமையைத் தணித்தது. ஓடு மட்டுமே வேய்ந்தால் ஒழுகும். தகடு மட்டுமே வேய்ந்தால் கொதிக்கும். ஒன்றன் குறையை மற்றொன்று நிறைவு செய்தது.

எண்ணிடப்பட்ட வீடு

எனா டி சில்வா இலங்கையின் புகழ்பெற்ற துணி ஓவியக் கலைஞர். அவருக்கும் அவர்தம் கணவருக்கும் 1960க்கும் 1962க்கும் இடையே கொழும்பில் பாவா ஒரு வீடு கட்டினார். இறக்குமதிப் பொருள்கள் கிடைப்பது அரிதாகியிருந்த காலம் அது. எனவே, உள்ளூர் ஓடு, மரம், கல், செங்கல் ஆகியவற்றையே பெரிதும் பயன்படுத்தினார். நடுவே ஒரு பெரிய முற்றம். அதைச் சுற்றித் தாழ்வாரங்களும் அறைகளும். ஓரங்களில் சிறு முற்றங்கள். வெளியிலிருந்து பார்ப்போருக்குச் சுவரும் கூரையுமே தெரியும். உள்ளே நுழைந்தால் வானமே வீட்டின் நடுவில் இருக்கும். அக்காலத்தில் வசதி படைத்தோர், மனையின் நடுவே வீடும் சுற்றிலும் தோட்டமுமாகக் கட்டும் மேலைநாட்டு முறையையே விரும்பினர். பாவா அதனைத் திருப்பிப்போட்டார். சுற்றிலும் வீட்டையும் நடுவே தோட்டத்தையும் வைத்தார். மறக்கப்பட்டிருந்த முற்றம் இவ்வீட்டின் வழியே இலங்கையின் நவீனக் கட்டடக்கலைக்குள் மீண்டும் நுழைந்தது.

அரை நூற்றாண்டுக்குள் அவ்வீட்டுக்கே ஆபத்து வந்தது. கொழும்பில் நிலத்தின் விலை பன்மடங்கு உயர்ந்தது. 2009இல் அம்மனை அருகிலிருந்த மருத்துவமனைக்கு விற்கப்பட்டது. வீடு இருந்த இடத்திலேயே இனி நீடிக்க வழியில்லை. அந்நிலையில் பாவாவின் பெயரால் இயங்கிய அறக்கட்டளையினர் அரியதொரு முடிவை எடுத்தனர். வீட்டின் ஒவ்வொரு பகுதியையும் அளந்து வரைபடமாக்கினர். கதவு, சன்னல், தூண், ஓடு, தரைக்கல் என ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டனர். பின்னர் கவனமாகப் பிரித்தெடுத்து, லுணுகங்கைக்கு எடுத்துச்சென்று, முன்பு இருந்த முறையிலேயே மீண்டும் பொருத்தினர். 2016இல் அப்பணி நிறைவுற்றது. பாவா 2003இலும் எனா டி சில்வா 2015இலும் மறைந்தனர். அவர்களுக்குப் பின்னும் வீடு வாழ்கிறது.

எனினும் மரபுப் பாதுகாப்பில் இடமாற்றம் என்பது இறுதி வழியே. இடம் மாறிய வீடு தன் தெருவை இழக்கிறது; அண்டை வீடுகளை இழக்கிறது; தான் பிறந்த சூழலின் ஒலிகளை இழக்கிறது. இருக்கும் இடத்திலேயே காத்தல் முதல் வழி. இயலாதபோது இடம் மாற்றிக் காத்தல் அடுத்த வழி. அதுவும் இயலாவிடின், அளந்து வரைந்து ஆவணப்படுத்தலேனும் வேண்டும். ஆவணமும் இன்றி இடிக்கப்படும் வீட்டோடு அதைக் கட்டிய கொத்தனாரின் அறிவும் தச்சரின் அறிவும் சேர்ந்தே மறைகின்றன.

நீரும் பாறையும்

இருப்பதை மதிக்கும் இதே நெறியைப் பாவா பெரிய நிலப்பரப்புகளிலும் பின்பற்றினார். 1979இல் இலங்கை நாடாளுமன்றத்துக்குப் புதிய கட்டடம் அமைக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கொழும்பை அடுத்த கோட்டே என்னும் பழந்தலைநகர்ப் பகுதியில் தாழ்வான சதுப்பு நிலமே அதற்குரிய இடம். சதுப்பை மண் கொட்டி மூடிவிடாமல், அதனைப் பெரியதோர் ஏரியாக்கினார். மேடான பகுதியைத் தீவாக நிறுத்தி, அதன்மீது செப்புக்கூரை வேய்ந்த மண்டபத் தொகுதியை எழுப்பினார். 1982ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அது திறக்கப்பட்டது. நீர் தேங்கும் நிலத்தைப் பகையாக எண்ணாமல் அழகாக மாற்றிய பணி இது. கண்மாய்களையும் குளங்களையும் மேடாக்கிக் குடியிருப்புகள் எழுப்பும் நகரங்கள் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

மாத்தறை நகருக்கு அருகே ருகுணைப் பல்கலைக்கழகத்தை வடிவமைத்தபோது, அங்கிருந்த குன்றுகளைத் தரைமட்டமாக்காமல் சரிவுகளுக்கு ஏற்பக் கட்டடங்களைப் படிப்படியாக அமைத்தார். கொழும்பின் பேரே வாவியில் சீமா மாலக்கம் என்னும் பௌத்த வழிபாட்டு மண்டபத்தை, நீரின்மேல் நிற்கும் மூன்று மேடைகளாக 1970களில் உருவாக்கினார். அதற்கு நிதி வழங்கியது ஓர் இசுலாமியக் குடும்பம் என்பது குறிப்பிடத்தக்கது.

பாறை சூழ்ந்த ஊரினர் சிறப்பாக அறியவேண்டியது கண்டலம விடுதியின் வரலாறு. உலகப் புகழ்பெற்ற சிகிரியாப் பாறையின் அருகிலேயே விடுதி கட்ட முதலில் இடம் கருதப்பட்டது. பாவா அதனை ஏற்கவில்லை. மாறாக, கண்டலம என்னும் பழைய குளத்தின் கரையில், தொலைவில் சிகிரியா தெரியும் ஓரிடத்தைத் தேர்ந்தார். அங்கும் குன்றை வெட்டாமல் அதன் விலாவை ஒட்டியே கட்டடத்தை நீளமாக வளைத்தார். வரவேற்பறைக்குள்ளேயே பாறை நுழைந்து நிற்கிறது. 1994இல் திறக்கப்பட்ட அவ்விடுதியைக் கொடிகள் படர்ந்து மூடின. அதன் நீண்ட முகப்பு இன்று காட்டின் பகுதியாகவே தோன்றுகிறது. நினைவுச்சின்னத்தின் அருகே செல்வதைவிட, அதனைக் காண்பதற்கான வெளியை விட்டு வைப்பதே அதற்குச் செய்யும் மரியாதை என்பதை அவர் உணர்ந்திருந்தார். திண்டுக்கல் மலைக்கோட்டையை ஊரின் ஒவ்வொரு தெருவிலிருந்தும் காணமுடிகிறதா என்று கேட்டுப்பார்ப்பதும் நகர வடிவமைப்பைச் சேர்ந்த வினாவே.

தமிழ் மண்ணில் பாவா

பாவாவின் பணிக்கும் தமிழர்க்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பொறியாளர் பூலோகசுந்தரம் அவர்தம் நிறுவனத்தில் நெடுங்காலம் பங்காளராக இருந்து, அவருடைய கற்பனைகளுக்கு உறுதியான வடிவம் தந்தார். 1970களில் சென்னை கன்னிமாரா விடுதியின் சீரமைப்பில் பாவா ஈடுபட்டார். அதே காலத்தில், திண்டுக்கல்லுக்குத் தெற்கே மதுரையில் ஆலை அலுவலர்களுக்கான மன்றம் ஒன்றை வடிவமைத்தார். உள்ளூர்க் கருங்கல்லைக் கொண்டு உள்ளூர்க் கொத்தனார்களே அதன் சுவர்களை எழுப்பினர். இடிக்கப்பட்ட பழைய கட்டடங்களின் தூண்களும் கதவுகளும் அதில் இடம்பெற்றன. மரங்களுக்கு இடையே தாழ்ந்த கூரையுடன் அமைந்த அக்கட்டடம் இன்று விடுதியாக இயங்குகிறது. பழைய தூண் விறகாகவும் அமையலாம். ஒரு புதிய தாழ்வாரத்தைத் தாங்கவும் செய்யலாம். இரண்டில் எது நிகழும் என்பதைத் தீர்மானிப்பது பார்ப்பவரின் கண்.

கட்டடக்கலைக்கான ஆகாகான் விருதுக்குழு 2001இல் பாவாவின் வாழ்நாள் பணியைப் பாராட்டிச் சிறப்பு விருது அளித்தது. அவர் கட்டியவற்றுள் பல, வசதி படைத்தோரின் இல்லங்களும் விடுதிகளும் என்பது உண்மையே. ஆனால், அவருடைய நெறி செல்வத்தைச் சார்ந்தது அன்று. அன்வெல்லையில் எளிய பெண்பிள்ளைகளுக்கான பண்ணைப் பள்ளியை அவர் தென்னை மரத் தூண்களைக் கொண்டே அமைத்தார். அருகில் கிடைக்கும் பொருளும் அதைக் கையாளத் தெரிந்த உள்ளூர்க் கைகளும் போதுமானவை என்பதற்கு அப்பள்ளி சான்றாயிற்று.

நம் கையில்

பழைய வீடு ஒன்றைப் பற்றி முடிவெடுக்கும் நாள் ஒவ்வொரு குடும்பத்திலும் வரலாம். அந்நாளில் சில வினாக்களைக் கேட்டல் நலம். வீட்டின் எப்பகுதி உறுதியாக உள்ளது? எது மட்டும் பழுதுற்றது? குளியலறையைப் பின்கட்டில் சேர்க்க முடியுமா? உயர்ந்த படிகளுக்கு அருகே சாய்தளம் அமைக்கலாமா? முற்றத்தை மூடாமல் கம்பி வலை மட்டும் இடலாமா? சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றிச் சுவரை அரிக்கும் என்பதை அறிந்தோமா? இவ்வினாக்களுக்கு விடை தேடிய பின்னரும் இடித்தே தீரவேண்டிய வீடுகள் சில இருக்கும். ஆயினும், வினா எழுப்பாமலே இடிக்கப்படும் வீடுகள்தாம் மிகுதி.

புதியதை உருவாக்குவது ஆற்றல்; இருப்பதை அறிந்து அதற்குப் புத்துயிர் தருவது ஆற்றலோடு அன்பும் சேர்ந்த செயல். கோட்டைகள் மன்னரின் வரலாற்றைக் கூறும். திண்ணையும் முற்றமும் மக்களின் வரலாற்றைக் கூறும். அவ்வரலாற்றின் அடுத்த பக்கத்தை எழுதப் போகிறவர்கள் இன்றைய மாணவர்களே.

தெரிந்து தெளிவோம்

இந்தியாவில் கட்டடக்கலைஞராகப் பணியாற்ற விரும்புவோர் ஐந்தாண்டு இளநிலைக் கட்டடக்கலைப் பட்டப்படிப்பை முடித்து, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம் இதனை வரையறுக்கிறது. படிப்பில் சேர 'நாட்டா' என்னும் தேசிய அளவிலான திறனறி தேர்வு நடத்தப்படுகிறது. வரைதிறனோடு கணித அறிவும் கூர்ந்து நோக்கும் பழக்கமும் இத்துறைக்குத் தேவை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்திலும் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியிலும் இப்படிப்பு உண்டு. மரபுப் பாதுகாப்பு, நகர வடிவமைப்பு ஆகியவற்றை முதுநிலையில் சிறப்புப் பாடங்களாகப் பயிலலாம்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் உள்ள பழைய வீடு ஒன்றுக்கு உரியவரின் இசைவுடன் சென்று, அதன் தரைப்படத்தை அளந்து வரைக. திண்ணை, நடை, முற்றம், தாழ்வாரம் போன்ற பகுதிகளுக்கு உங்கள் பகுதியில் வழங்கும் பெயர்களைத் தொகுக்க.

2. ஓட்டுவீடு, கற்காரைக் கூரை வீடு ஆகியவற்றின் உள்வெப்பநிலையை ஒரே நாளில் காலை, நண்பகல், இரவு ஆகிய மூன்று வேளைகளிலும் அளந்து ஒப்பிட்டு எழுதுக.

3. 'பழைய வீட்டை இடிப்பதா, புதுப்பிப்பதா?' என்னும் தலைப்பில், ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் பேசுவதாக உரையாடல் அமைக்க.